மருத்துவச்சி துணையோடு வீட்டில் பிரசவம் பார்க்க என்னென்ன திட்டமிட வேண்டும்?

முதல் கேள்வி, உங்கள் கர்ப்பம் அதற்கு ஏற்றதா என்பதுதான். ஒற்றைக் குழந்தை, தலை கீழே திரும்பியிருக்க வேண்டும், 37 வாரம் முடிந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம், நீரிழிவு, கடும் ரத்தசோகை, முன்பு சிசேரியன் ஆனது, இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையே நல்லது.

அப்புறம் மருத்துவச்சி. அனுபவம் மட்டும் போதாது. முறையான பயிற்சியும் உரிமமும் இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தை பிறக்கும் நேரத்தில் பயிற்சி பெற்ற இருவர் இருக்க வேண்டும், ஒருவர் தாய்க்கு, ஒருவர் குழந்தைக்கு. மூச்சுவிடாத குழந்தைக்குக் காற்றூட்டும் பையும் முகமூடியும், ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியும் அவர் பையில் உண்டா? இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நான் அதிகம் வலியுறுத்துவது மாற்றுத் திட்டத்தைத்தான். இங்கிலாந்தில் நடந்து 2011-ல் வெளியான பெரிய ஆய்வில், வீட்டில் பிரசவிக்கத் திட்டமிட்ட முதல் பிரசவக்காரர்களில் சுமார் 45 சதவீதம் பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். முன்பே பெற்றவர்களில் சுமார் 12 சதவீதம். முதல் பிரசவத்தில் குழந்தைக்கு ஆபத்தும் வீட்டில் கூடுதலாகவே இருந்தது. ஆகவே எந்த மருத்துவமனை, எந்த வண்டி, நள்ளிரவில் எத்தனை நிமிடம் என்பதை முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். மருத்துவமனையிலும் முன்பதிவு இருக்கட்டும்.

பனிக்குட நீர் பச்சையாக வந்தால், குழந்தையின் இதயத்துடிப்பு மாறினால், காய்ச்சல் அடித்தால், ரத்தம் நிற்காமல் போனால் விவாதம் வேண்டாம், கிளம்ப வேண்டியதுதான். அந்த முடிவை மருத்துவச்சி சொன்னால் வீட்டில் யாரும் தடுக்கக் கூடாது. பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.