கும்பளா வரி போட்ட வானம்

அன்புள்ள அக்கா,

லண்டனிலிருந்து வந்த அண்ணா, ரிக் ஸ்டைன் எழுதிய 'அண்டர் எ மக்ரல் ஸ்கை' புத்தகத்தைத் தந்துவிட்டுப் போனார். தொலைக்காட்சியில் மீன் சமைக்கிறவர் என்றுதான் அவரைத் தெரியும். அவர் தன் வாழ்க்கையோடு சேர்த்து எழுதும் கோர்ன்வாலை, இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தை, நான் கண்டதில்லை. ஆனாலும் இரண்டு இரவில் வாசித்து முடித்தேன். அந்த ஊர்க்காரர்கள் இதை எவ்வளவு ரசித்திருப்பார்கள் என்று பொறாமையாக இருந்தது. நம் திருகோணமலைக்கும் இப்படி ஒரு புத்தகம் வருமா?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மக்ரல் நம் கும்பளாவின் இனம். அதன் முதுகு வரிகளைப் போல மேகம் படர்ந்த வானத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். தலைப்பைப் பார்த்ததுமே நான் மனையாவெளிக் கடற்கரைக்குப் போய்விட்டேன்.

ஊர்க்காரர் வாசிப்பது வேறு மாதிரி. அவர் சாட்சியாக இருந்து வாசிப்பார். இந்தத் திருப்பத்தில் அந்தக் கடை இருந்ததா, இந்த மாதத்தில் அந்த மீன் படுமா என்று வரிக்கு வரி சரிபார்ப்பார். ஒன்று சரியாகப் பொருந்திவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார். அந்தச் சந்தோஷம் நமக்கு வாய்க்காது, உங்கள் பொறாமை நியாயம்தான்.

ஆனால் ஸ்டைனே ஒக்ஸ்போர்ட்ஷயர் பண்ணையில் வளர்ந்தவர். சிறுவயது விடுமுறைகளில்தான் கோர்ன்வால் அவருக்குச் சொந்தமானது. அங்கே பாட்ஸ்டோ என்ற ஊரில் நடத்திய இரவு விடுதிக்கு உரிமம் போனபிறகு, 1975இல் அதை மீன் உணவகமாக்கினார். இதெல்லாம் சுவையான கதை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. 1965இல் அவருடைய தந்தை உயிரை மாய்த்துக்கொண்டது அங்குள்ள ஒரு கடல்முனையில். சுற்றுலா வருகிறவர் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார். இவருக்கு அது அப்பாவை இழந்த இடம். மீனைப் பற்றி எழுத வந்தவர் இதையும் மறைக்காமல் எழுதியதால்தான், கோர்ன்வாலைக் காணாத நீங்களும் நானும் அதை நம்புகிறோம்.

நமக்கும் அப்படித்தான். கோணேசர் மலையும் கோட்டை மான்களும் எல்லாப் படத்திலும் வருகின்றன. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்குக் கரையின் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வந்து வாடி என்ற தற்காலிகக் குடிசை போடுவதையும், 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் தயிர்ச் சட்டிகள் பாதை என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறி வந்ததையும் சமைக்கிற ஒருவர்தான் நினைவில் வைத்து எழுதுவார். போர்க்காலத்தில் இரவுக் கடலுக்குத் தடை விழுந்தபோது சந்தைக்கு வந்த மீனே மாறியது. அதுவும் சமையல் கதைதான்.

அப்புறம் 2004 டிசம்பர் 26. எத்தனை வாரம் நம் வீடுகளில் மீன் சமைக்கவில்லை! கடல் கொண்டுபோனவர்களை நினைத்தால் மீனைத் தொடவே கை கூசியது. எங்கள் வீட்டில் பருப்பும் தேங்காய்ச் சம்பலுமாக நாள்கள் போயின. அம்மா முதன்முதலில் வாங்கியது நெத்தலிக் கருவாடு. அதுவும் அலைக்கு முன்பே காய்ந்தது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணின பிறகுதான். அதைக் கத்தரிக்காயோடு குழம்பு வைத்து, ஒன்றும் பேசாமல் எல்லோருக்கும் பரிமாறினா. அப்பா மட்டும் கையை வைக்கவில்லை. பிறகு அவர் மீன் சாப்பிட எத்தனை நாளானது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அதை அப்போதே எழுதி வைக்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

புத்தகம் வருமா என்று கேட்டீர்கள். அதற்குத் தொலைக்காட்சியில் முகம் தெரிந்தவர் வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு உங்கள் வீட்டில் முதல் மீன்கறி வைத்தது யார், என்ன மீன், யார் சாப்பிட்டார்கள், யார் எழும்பிப் போனார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவ சொல்வதை அவவின் பேச்சிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா