வீட்டுக்காரர் கையெழுத்து தேவையில்லை

தங்கச்சி, மண்டபம் பக்கம் பாசி எடுக்கிற உங்களை, 8 வாரக் கருவைக் கலைக்கப் போன இடத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து கேட்டுத் திருப்பி அனுப்பியதா எழுதியிருக்கீங்க. அவர் கடலுக்குப் போயிருந்தாலும் கரையில் இருந்தாலும் ஒண்ணுதான். 18 வயசு முடிஞ்சிருந்தா, 1971 கருக்கலைப்புச் சட்டப்படி உங்க சம்மதம் மட்டும் போதும். அதுக்குத்தான் 'ஃபார்ம் சி'ங்கிற சம்மதப் படிவம். வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க. "குடும்பக் கட்டுப்பாடு பண்ணாத்தான் செய்வோம்"னா ஒத்துக்காதீங்க.

வாரக்கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. மாத்திரையில் கருவைக் கலைக்கிறது 9 வாரம் வரைதான். அதனால இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்க. வரிசையில் நின்னு எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டியதில்லை, பெண் டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்னு கேளுங்க. மதினியைத் துணைக்குக் கூட்டிக்கோங்க.

மெடிக்கலில் சொந்தமா வாங்கி முழுங்குறது வேண்டவே வேண்டாம். கரு கர்ப்பப்பைக்குள்ள இல்லாம குழாயில் தங்கியிருந்தா மாத்திரை கேக்காது, குழாய் வெடிக்கலாம்.

ஆஸ்பத்திரியில் தர்றது ரெண்டு மருந்து: முதலில் மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி., ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு மிசோப்ரோஸ்டால். வலியும் உதிரமும் அதுக்கப்புறம்தான் கூடும். மணிக்கு 2 பேட் முழுசா நனைஞ்சு, தொடர்ந்து 2 மணி நேரம் அப்படியே போனா 108-ஐக் கூப்பிடுங்க. உதிரம் நிக்கிற வரை பாசிக்கு முங்காதீங்க.