பச்சைப்பிள்ளை முதுகில் சிறுநீரகக் குழாய்: ஊசிக்குப் பிறகுதான் கவனம் வேண்டும்

கேள்வி: 24 நாள் ஆண் குழந்தை. இடது சிறுநீரகம் அடைபட்டு வீங்கி, உள்ளே சீழ் கட்டியிருக்கிறது; காய்ச்சலும் இருக்கிறது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே முதுகுவழி ஊசி குத்திக் குழாய் வைக்க வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு சின்ன உடம்பு தாங்குமா? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?
- ஒரு தந்தை, அம்பாசமுத்திரம்

பதில்: தாங்கும். சீழ் கட்டிய பிறகு தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அடைபட்ட சிறுநீரகத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போதிய அளவு போய்ச் சேராது. கிருமி ரத்தத்தில் கலந்தால் பச்சைப்பிள்ளை வெகு சீக்கிரம் துவண்டுவிடும். சீழ் இல்லாத லேசான வீக்கம் என்றால் பேச்சே வேறு. அதில் பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும், ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தால் போதும். ஆண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் வீங்கியிருந்தால் மூத்திரப்பாதையில் வால்வு அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்து, கீழ்வழியாகவே குழாய் போடுவார்கள்.

முன்னேற்பாடாக ரத்தம் உறையும் நேரமும் தட்டணுக்களும் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) பார்ப்பார்கள். தட்டணு 50,000க்குமேல் இருப்பது நல்லது. தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும்.

குழந்தையை மயக்கத்தில் குப்புறப் போட்டு, வயிற்றுக்கடியில் துணிச்சுருள் வைப்பார்கள். இந்த வயதில் சிறுநீரகம் ஓரிடத்தில் நிற்காது, ஊசி தொட்டதும் வழுக்கி முன்னால் போகும். சுருள் அதை முதுகுப்பக்கம் தாங்கிப் பிடிக்கும். ஊசி நேரே, சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் நடுப்பைக்குள் போகக் கூடாது. சிறுநீரகத்தின் சதையைத் துளைத்து, கீழ்ப்பக்கக் கிண்ணத்துக்குள் (நடுப்பைக்குச் சிறுநீரை அனுப்பும் சின்னக் குழிவு) இறங்க வேண்டும். பெரிய ரத்தக்குழாய்கள் அந்த வழியில் குறைவு. சதையும் குழாயைச் சுற்றி இறுகிக் கசிவைத் தடுக்கும்.

கை தவறுவதற்கு வாய்ப்புள்ள இடம் அடுத்தது. ஊசி வழியே சிறுநீர் வந்ததும் பரிசோதனைக்கு ஓரிரு மில்லி மட்டும் எடுத்து நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு முழுக்க வடித்தால் பை சுருங்கிவிடும். அப்போது, குழாய்க்கு வழிகாட்ட ஊசி வழியே விடும் மெல்லிய கம்பி நழுவினால் மறுபடி குத்த இடமே தெரியாது. கம்பியின் மேல்தான் 5 அல்லது 6 ஃப்ரெஞ்சு அளவுக் குழாய் ஏறும். 6 ஃப்ரெஞ்சு என்றால் 2 மில்லிமீட்டர் தடிமன். அதன் நுனி உள்ளே சுருண்டு நிற்கும்.

ஓரிரு நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வரும், பயம் வேண்டாம். கெட்டிச் சிவப்பும் ரத்தக்கட்டியும் வந்தால் உடனே சொல்லுங்கள். அடைப்பு நீங்கியதும் சிலருக்குச் சிறுநீர் மளமளவென்று கொட்டும். அப்போது நீரையும் உப்பையும் அளந்து ஈடுகட்டுவது ஆஸ்பத்திரி வேலை.

குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால், இனி உங்கள் எதிரி நழுவல்தான். சேலைத் தொட்டிலில் போடாதீர்கள்; துணி மடிப்பில் குழாய் சிக்கி, தூக்கும்போது வெளியே வந்துவிடும். அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். ஆச்சி காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் இப்போதைக்கு வேண்டாம்: எண்ணெய் பட்டால் பிளாஸ்டர் உரிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். தோலை ஒட்டிக் குழாயில் பேனாக் குறி ஒன்று போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். துணி மாற்றும்போதெல்லாம் அந்தக் குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயிலிருந்து சிறுநீர் வந்து சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும்.

இரண்டு மூன்று மணி நேரமாகப் பையில் ஒன்றும் சேராவிட்டால் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பு இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். சிரிஞ்சால் நீங்களே தள்ள வேண்டாம். 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, கட்டு நனைவது எதுவானாலும் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். குழாய் கழன்று வந்துவிட்டால் திரும்பச் செருகாதீர்கள். சுத்தமான பஞ்சுத்துணியை வைத்து ஒட்டி, அப்போதே 108ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். புதுத் துளை சில மணி நேரத்தில் மூடத் தொடங்கிவிடும். பக்கத்துக் கிளினிக்கில் பச்சைப்பிள்ளைக்கான குழாய் இருக்காது. குழாய் போட்ட இடத்துக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ நேரே போங்கள். கழன்ற குழாயையும், அதன் அளவும் போட்ட தேதியும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.