நேட்டாலுக்குப் போன முன்னோர்: கொடிவழியில் புகுந்த தவறை எப்படித் திருத்துவது?

கேள்வி: என் பாட்டியின் பெரிய தாத்தா ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். இணையத்தில் உள்ள ஒரு குடும்ப மரத்தில் அவருடைய ஊரும் தகப்பனார் பெயரும் தவறாக இருக்கின்றன. எப்படித் திருத்துவது?

பதில்:

திருத்த முடியும். ஆனால் அதற்கு முன், அந்தத் தவறு எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். அதைச் செய்யாமல் பெயரை மட்டும் மாற்றினால், அடுத்து வருகிற ஒருவர் அதே பதிவைப் பார்த்துப் பழைய தவறையே திரும்ப எழுதிவிடுவார். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது.

என் கொள்ளுத் தாத்தாவின் அண்ணனும் நேட்டாலுக்குப் போனவர்தான். டர்பனில் இருக்கும் அவர் வழியினர் மிகுந்த அன்போடு தொகுத்த மரத்தில் அவர் பிறந்த ஊர் ஆற்காடு என்றிருந்தது. எங்கள் பூர்வீகமோ வந்தவாசிப் பக்கம். உறவினர் ஒருவர் ஊரைத் திருத்தினார். சில மாதங்களில் மீண்டும் ஆற்காடு வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம் கப்பல் பட்டியல்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, 1,52,184 பேர் நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம் எல்லாம் எழுதினார்கள். ஜில்லா என்ற இடத்தில் 'வட ஆற்காடு' என்று இருந்ததை, படியெடுத்தவர் 'ஆற்காடு' என்று சுருக்கிவிட்டார். அந்தப் பழைய வட ஆற்காடு இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களோடு ஆந்திரத்துச் சித்தூர்ப் பகுதி வரை விரிந்து கிடந்தது. ஆற்காடு நகரத்துக்கும் எங்கள் முன்னோருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இன்னும் பல மரங்களில் பிறந்த ஊர் 'சென்னை' என்றிருக்கும். கப்பல் ஏறிய துறைமுகத்தையே சொந்த ஊராக எடுத்துக்கொண்டதால் வருவது அது.

ஆகவே படியெடுப்பை நம்பி நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். ஜில்லாவை விட்டுவிட்டு, தாணாவையும் கிராமத்தையும் பழைய தாலுகாப் பெயர்களோடு ஒப்பிடுங்கள். வயதை வைத்துப் பிறந்த வருடத்தைக் கணக்கிட்டால், அதற்கு முன்னால் 'சுமார்' என்று போடுங்கள். கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் பெரும்பாலும் பார்வைக்குத் தோன்றிய வயதைத்தான் எழுதினார்கள்.

தகப்பனார் பெயர் தவறுவதற்கு நம் வழக்கமே பெரிய காரணம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். ஒரே வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையில் முனுசாமி வருவார். கணினி இருவரையும் ஒருவராக்கிவிடும். தாத்தாவுக்குப் பேரனின் பிள்ளைகள் பிள்ளைகளாகிவிடுவார்கள். நேட்டாலில் இன்னொரு சிக்கலும் உண்டு. தகப்பனார் பெயர் அப்படியே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டதால், மூன்றாம் தலைமுறையில் 'முனுசாமி' என்பது அப்பாவின் பெயரா கொள்ளுத் தாத்தாவின் பெயரா என்று பதிவைப் பார்த்தாலே தெரியாது. இங்கே கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் கொடுத்த அந்த எண்தான் துணை. பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருந்தாலும் எண் மாறாது; பிற்காலப் பதிவுகளிலும் அதைத் தேடிப் பாருங்கள். வேறு எதற்கும் முன்னால் உங்கள் முன்னோரின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் என்ன சான்று கிடைக்கும்? எங்களுக்குக் கை கொடுத்தது ஒரு பாகப் பிரிவினைப் பத்திரம். பழைய பத்திரங்களில் 'இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதுவார்கள். அதில் மூத்த சகோதரர் நேட்டாலுக்குப் போய்விட்டார் என்ற ஒரு வரியும் இருந்தது. தகப்பனார் பெயர், கிராமம் இரண்டும் கப்பல் பட்டியலோடு பொருந்தின. உங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர நகலுக்கு மனுக் கொடுங்கள். பங்காளிகள் வீட்டுப் பரணையும் கேட்டுப் பாருங்கள். பத்திரத்திலோ கோயில் கல்லிலோ 'விகாரி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். அது 1899-1900 ஆகவும் இருக்கலாம், 1959-60 ஆகவும் இருக்கலாம். அறுபது வருடம் தவறினால் இரண்டு தலைமுறை இடம் மாறிவிடும்.

இனித் திருத்தும் முறை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. பதிவாளர் பழைய பதிவைத் தொடக்கூடாது. திருத்தத்தை ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். குடும்ப மரத்துக்கும் இதையே பின்பற்றுங்கள். 'கப்பல் பட்டியலின் படியெடுப்பில் ஆற்காடு என்றுள்ளது. மூலப் பக்கத்தில் ஜில்லா வட ஆற்காடு, கிராமம் வேறு' என்று குறிப்பில் எழுதிவிட்டு ஊரை மாற்றுங்கள். நாங்கள் இப்படி எழுதிய பிறகு யாரும் அதைத் திரும்ப மாற்றவில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். சிலர் வேண்டுமென்றே வேறு பெயரும் வேறு சாதியும் சொல்லிக் கப்பல் ஏறினார்கள். கடனோ, குடும்பச் சண்டையோ, ஊரில் பட்ட இழிவோ, அவரவர்க்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பெயரைத் தவறு என்று அழித்துவிடாதீர்கள். அது அவர் தாமே தேர்ந்துகொண்ட பெயர். ஊரில் அவருக்கிருந்த பெயரையும் கப்பல் ஏறும்போது சொன்ன பெயரையும் அருகருகே எழுதுங்கள்.

ஃபேமிலிசர்ச் தளத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரே மரம்தான் இருக்கிறது. நீங்களே திருத்தலாம், காரணம் எழுத இடம் உண்டு, தவறாக இணைத்த இருவரைப் பிரிக்கவும் வழி உண்டு. ஆன்செஸ்ட்ரி தளத்தில் ஒவ்வொரு மரமும் தனியார் உடைமை. வைத்திருப்பவருக்கு எழுதித்தான் கேட்க வேண்டும். எழுதும்போது 'உங்கள் மரம் தவறு' என்று தொடங்க வேண்டாம். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்பதை முதலில் சொல்லி, பத்திரத்தின் படத்தை இணைத்து, அவர் எதைப் பார்த்து எழுதினார் என்று கேளுங்கள். நம்மிடம் இல்லாத தாள் அவரிடம் இருக்கக்கூடும். பதிலே வராவிட்டால், உங்கள் மரத்தைச் சான்றுகளோடு தனியாகப் போட்டு வையுங்கள். அதில் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை மட்டும் பொதுவில் வைக்காதீர்கள்.