கெட்டிஸ்பர்க்: விதிநூலில் அறுகோணம், பலகையில் சதுரம்

‘கெட்டிஸ்பர்க்’ போர்ப் பலகை விளையாட்டில் விதிநூல் அறுகோணக் கட்டம் என்கிறது, பலகையிலோ சதுரக் கட்டம்; அச்சுப் பிழையா? அச்சுப் பிழை இல்லை, இரண்டு பதிப்புகள் கலந்திருக்கின்றன. விதிநூல் அறுகோணம் என்று சொல்லி, பலகையில் சதுரம் இருந்தால், விதிநூல் பெரும்பாலும் 1961 பதிப்பு; பலகை 1958 அல்லது 1964 பதிப்பு. இதை வெளியிட்ட அவலான் ஹில் நிறுவனம் சதுரத்தில் தொடங்கி, 1961இல் அறுகோணத்துக்குப் போய், 1964இல் பழையபடி சதுரத்துக்கே வந்தது. கூத்துதான்!

பழைய பெட்டி கைமாறும்போது இப்படி ஆகும். போரின் முதல் நாளான ஜூலை 1 அன்று வரும் படைகளின் நுழைவிடத்தை, பெட்டியில் உள்ள படை வருகை அட்டவணையில் பாருங்கள். அது பலகை ஓரத்தில், சாலைமேல் விழாவிட்டால் அட்டவணையும் வேறு பெட்டியுடையது.

சதுரத்தையே அறுகோணமாக நினைத்து ஆடிவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். அறுகோணத்துக்கு அண்டைக் கட்டம் 6, சதுரத்துக்கு மூலைகளோடு 8. பக்கவாட்டுத் தாக்குதல் கணக்கு அங்கேயே உடையும்.

இன்னொன்று: 1977 பதிப்பும் அறுகோணம்தான். விதிநூலில் உள்ள ஆண்டைப் பார்க்காமல் மாற்றுப் பலகை வாங்க வேண்டாம்.