வீட்டின் சுற்றுப்புறம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் விதத்தை மாற்றுமா?

நிச்சயமாக மாற்றும். தூரம் முதற்காரணம்தான், ஆனால் ஒரே தூரத்திலிருந்து வரும் இருவரில் ஒருவர் நடப்பதற்கும் மற்றவர் பஸ் ஏறுவதற்கும் வழியே காரணமாகிவிடுகிறது.

குமரி மாவட்டத்தையே பாருங்கள். குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. பிள்ளைகள் கூட்டமாகப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு இடையே வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. மேடும் பள்ளமுமான சாலை, போதாததற்கு இரண்டு பருவமழை. மேல்நிலை மாணவர்களுக்கு அரசு தரும் இலவச சைக்கிள் கையில் இருந்தாலும், இலவச பஸ் பாஸ்தான் உதவுகிறது.

மார்த்தாண்டம் போல நெடுஞ்சாலை ஊடறுக்கும் இடங்களில், பள்ளி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் சாலையைக் கடப்பதுதான் பெற்றோரின் அச்சம். பெண் பிள்ளைகளுக்குத் தெருவிளக்கும் ஆள் நடமாட்டமும் கூடுதல் கணக்கு. என்னைக் கேட்டால், பள்ளியைச் சுற்றி முதலில் வேண்டியது தடையில்லாத நடைபாதை.