கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதி: மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

கண்டியில் காப்புறுதித் துறையில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்பதால், மதப் பணியாளர்களின் மருத்துவச் செலவு பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். அப்படி வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டியலில் குருக்கள் பெயர் இருந்தால், மடப்பள்ளியில் சமைப்பவர் பெயரும் வாசல் கூட்டுபவர் பெயரும் அதே பட்டியலில் இருக்க வேண்டும்.

எங்கள் கோயிலில் குருக்கள், உதவி ஐயர், நாதஸ்வரம், தவில், மடப்பள்ளி, காவலாளி என்று ஏழு பேர். பணம் குறைவு. இப்போதைக்குக் குருக்களுக்கு மட்டும் எடுக்கலாமா ஐயா? (பரிபாலன சபைச் செயலாளர், ஹட்டன்)

எடுக்கலாம், ஆனால் எடுக்காதீர்கள் என்பேன். தனி ஆளுக்கு எடுக்கும்போது நிறுவனம் அவருடைய சீனி, பிரஷர், பழைய சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் கேட்கும். ஐம்பது தாண்டிய குருக்களுக்கு ஏற்கனவே இருக்கும் நோயை விலக்கிவிட்டு, கட்டுப்பணத்தையும் கூட்டித்தான் தருவார்கள். பிறகு அவர் படுப்பது அந்த விலக்கிய நோயினால்தான்.

குழுக் காப்புறுதி வேறு மாதிரி. இளம் தவில்காரரும் முதிய குருக்களும் ஒரே பட்டியலில் இருக்கும்போது ஆபத்து பரவுகிறது. ஆள் கூடக்கூடப் பேரம் பேசவும் முடியும். ஏழு பேர் என்றால் பல நிறுவனங்கள் ஆர்வம் காட்டாது. ஆகவே பக்கத்துக் கோயில்களையும் சேர்த்து, ஏற்கனவே பதிவில் உள்ள ஒன்றியம் ஏதாவது இருந்தால் அதன் பெயரில் கேளுங்கள். காப்புறுதிக்காகவே நேற்றுத் தொடங்கிய சங்கம் என்றால் நிறுவனம் தயங்கும்.

விலை கேட்கும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கனவே உள்ள நோய்க்கு எப்போதிருந்து பணம் கிடைக்கும், எந்த வயதோடு பாதுகாப்பு நிற்கும், வருட உச்ச வரம்பு ஆளுக்கா குடும்பத்துக்கா, அறை வாடகைக்குத் தனி வரம்பு உண்டா. முகவர் வாயால் சொல்வது கணக்கில் வராது. இன்னொன்று, முதல் வருடக் கட்டுப்பணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த வருடம் எவ்வளவு கோரினீர்களோ அதைப் பார்த்துத்தான் அடுத்த வருட விலை வரும். சின்னச் சின்ன வெளிநோயாளர் பில்களை எல்லாம் காப்புறுதியில் போட்டுக்கொண்டே இருந்தால், இரண்டாம் வருடம் சபையால் தாங்க முடியாது. வெளிநோயாளர் பகுதியை விட்டுவிட்டு, வார்டில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கான வரம்பைக் கூட்டி எடுப்பதுதான் சிறிய கோயிலுக்குப் பொருத்தம்.

என் கணவர் போதகர். சபை அவருக்கு ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் அரச பாடசாலை ஆசிரியை. என்ன செய்யலாம் அண்ணா? (பண்டாரவளை)

தங்கச்சி, உங்கள் சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அரச ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமாகிய அக்ரஹார காப்புறுதிக்குப் பணம் கழிக்கப்படும். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் அந்தத் திட்டத்தில் கணவரும் திருமணமாகாத பிள்ளைகளும் அடங்குவார்கள். உங்கள் சுயவிவரக் கோவையில் அவர் பெயர் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் இன்றே பாருங்கள்.

ஆனால் சபை இதைக் காரணம் காட்டித் தன் பொறுப்பைக் கழற்றிவிடக் கூடாது. நாளைக்குச் சபையும் ஒரு பாலிசி எடுத்தால், ஒரே பில்லுக்கு இரண்டு இடத்திலும் முழுப் பணம் வாங்க முடியாது. ஒன்று கொடுத்தது போக மீதியை மற்றதிடம் கேட்கலாம்.

அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தானே, எதற்குக் காப்புறுதி? (தர்மகர்த்தா, தலவாக்கலை)

நியாயமான கேள்வி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா, பதுளை, பெரிய விஷயமென்றால் கண்டி தேசிய வைத்தியசாலை, எல்லாம் இலவசம். மலையக மக்களின் உயிரைக் காப்பாற்றி வருவது இவைதான். காப்புறுதி இருக்கிறது என்று இவற்றை விட்டு ஓட வேண்டியதில்லை.

பணம் தேவைப்படுவது வேறு இடங்களில். காத்திருக்க முடியாமல் வெளியில் எடுக்கும் ஸ்கேன், வார்டில் இல்லாத மருந்து, கண்டிக்கு வந்து போகும் வேன் கூலி, கூட நிற்பவரின் சாப்பாடு. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். பல பாலிசிகளில் அரச வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தருவார்கள். வசதி குறைந்த கோயிலுக்கு அந்த நாட்கொடுப்பனவும் விபத்துக் காப்புறுதியுமே போதும். தனியார் ஆஸ்பத்திரி அறைக்காகப் பெரிய கட்டுப்பணம் கட்ட வேண்டாம்.

பல வருடமாகத் தேவாலய அலுவலகத்தில் வேலை. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, கேட்டால் 'இது ஊழியம்' என்கிறார்கள். (பதுளை)

மனம் வருந்துகிறது. ஊழியம் செய்பவருக்கும் நெஞ்சுவலி வரும்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் மத, தரும நிறுவனங்களுக்கு ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் விலக்கு உண்டு. பத்தோ அதற்கு மேலோ என்றால் கட்டியே ஆக வேண்டும்: உங்கள் பங்கு 8 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 12 சதவீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் 3 சதவீதம். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் உங்களிடம் 3,200, நிர்வாகத்திடமிருந்து 4,800, அப்புறம் 1,200. முன்பள்ளி, விடுதி, அலுவலகம் எல்லாருக்கும் ஒரே சபைதான் சம்பளம் கொடுக்கிறதென்றால், அந்த எண்ணிக்கையைச் சொல்லித் தொழில் திணைக்களத்தில் கேளுங்கள்.

இதை மருத்துவக் கேள்வியில் ஏன் சொல்கிறேன்? ஊழியர் நம்பிக்கை நிதிய அங்கத்தவர்களுக்கு இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை ஆகியவற்றுக்கு உதவி உண்டு. சேமலாப நிதியில் பத்து வருடம் கட்டி, 3 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத மீதி இருந்தால், மருத்துவத்துக்கென 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பைக் கொடுக்காமல், ஆலய விழாவில் பொன்னாடை போர்த்துவதில் என்ன பயன்?

தோட்டக் கோயில் பூசாரி நான். வளவு துப்புரவு செய்யும்போது குளவி கொட்டி இரண்டு பேர் ஆஸ்பத்திரியில். விபத்துக் காப்புறுதியில் வருமா? தீமிதி? (மஸ்கெலியா)

குளவிக்கொட்டு விபத்தில் சேருமா என்பதை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுத வையுங்கள். பூச்சி, மிருகக் கடியை விலக்கும் பாலிசிகளும் உண்டு. நம் மலைக்கு அது இல்லாத விபத்துக் காப்புறுதி எதற்கு? சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையில் காயப்பட்டால், 1934 முதல் இருக்கும் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். தீமிதி, பறவைக் காவடி போன்றவை தாமாக ஏற்கும் ஆபத்து என்று மறுப்பார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம்.

வட்டி கலந்த காப்புறுதி எங்களுக்கு ஒத்துவராது. முஅத்தினுக்கும் மத்ரஸா உஸ்தாத்மாருக்கும் வழி உண்டா? (பள்ளிவாசல் நிர்வாகி, கம்பளை)

உண்டு. தகாபுல் முறையில், அதாவது வட்டியில்லாமல் அங்கத்தவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் இஸ்லாமிய முறையில், இயங்கும் நிறுவனம் இலங்கையில் இருக்கிறது. ஹட்டன் கோயிலுக்குச் சொன்ன அதே நான்கு கேள்விகளை அங்கேயும் கேளுங்கள்.

எங்கள் மடத்தில் 74 வயதுச் சகோதரி ஒருவர். எந்த நிறுவனமும் எடுக்கவில்லை. (நுவரெலியா)

அந்த வயதில் புதிதாக எடுப்பது கடினம், சிஸ்டர். மடம் தனக்கென ஒரு மருத்துவ நிதி வைத்து, மாதாமாதம் ஒதுக்குவதுதான் வழி. தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் நடத்துகிறோமே, அதே ஒழுக்கத்தோடு கணக்கு வைக்க வேண்டும். ஆனால் 'இவ்வளவு கட்டினால் இவ்வளவு தருவோம்' என்று யாருக்கும் வாக்குறுதி எழுதிக் கொடுக்காதீர்கள். காப்புறுதி நடத்தப் பதிவு வேண்டும். உதவி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சத்திரசிகிச்சை வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

இளையவர்களை இப்போதே குழுவில் சேர்த்து, எழுபதுக்குப் பிறகும் தொடரும் ஏற்பாட்டை நிறுவனத்தோடு பேசி வையுங்கள்.

பணம் கோரியபோது, அடையாள அட்டையில் ஒரு பெயர், பாலிசியில் ஒரு பெயர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். (ராகலை)

நம் பக்கத்தில் இது தினமும் நடக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அட்டையில் இன்னொன்று, கோயில் பட்டியலில் செல்லப் பெயர். இருவரும் ஒருவரே என்று கிராம உத்தியோகத்தரின் கடிதமும் சத்தியக்கடதாசியும் இணைத்து மறுபடி அனுப்புங்கள். அட்டையில் உள்ளபடியே எல்லார் பெயரையும் பட்டியலில் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். மூல பில்லையும், ஆஸ்பத்திரி தரும் நோய் விவர அட்டையான டயக்னோசிஸ் கார்டையும் கொடுக்குமுன் போட்டோப் பிரதி எடுங்கள், கோருவதற்கான கால எல்லையையும் பாருங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கி, இப்படிப்பட்ட முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு அனுப்பலாம்.